பிசின் விடவில்லை, பல்தான் விட்டது

மினாபே
ஜூன் 19, 2016

மாப்பிள்ளைக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று நான் சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கிறது. எழுதுவது பேச்சில் சேராது. இத்தனை வருஷம் சிகாகேதான் நடுவில் நின்று உங்கள் சேதியை எனக்கும் என் சேதியை உங்களுக்கும் கடத்திக்கொண்டிருந்தாள். நேற்று போனில் அவளும் கைவிரித்துவிட்டாள். "உன் பேத்தி, அவர் பொண்ணு, அவர் ஒட்டின கிளிப். இனிமே நீங்க ரெண்டு பேருமே எழுதிக்கோங்கம்மா. என்னை விடுங்க" என்றாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சு.

விஷயம் இதுதான். இங்கே என்னோடு தங்கிப் படிக்கிற இதோஹாவின் பல்லை நேராக்க நீங்கள் ஒட்டியதில் ஒரு கிளிப் கழன்றுவிட்டது. மேல்வரிசை, இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல். தோட்டத்தில் வலை விரித்து, உதிர்ந்த பிளம் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நடுவே உட்கார்ந்து சோற்றுருண்டையைக் கடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கிப் பார்த்தால் கிளிப் கம்பியில் தொங்குகிறது. ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி நானே எடுத்தேன். அதன் முதுகில் வெள்ளையாக ஏதோ செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சப்போரோவில் பல் ஒட்டு ஆராய்ச்சிக்குப் பெரிய பேராசிரியர் என்று பெயர். சொந்தப் பெண்ணுக்கு ஒட்டியது இரண்டு வருஷம் நிற்கவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. ஒட்டிக்கொள்வதாகக் காட்டிவிட்டுக் கழன்றுகொள்வது உங்களுக்குப் பழக்கம்தானே. ஒசாகா ஓட்டலில் பெண் பார்த்த அன்று, என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன்: எங்கள் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வருவீர்களா என்று. குனிந்து வணங்கினீர்கள். சாம்பல் நிற டை, நுனியில் சோயா கறை. ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் முடியாது என்றீர்கள். நான் மறந்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பெயரை இப்போது இதோஹா எடுத்துக்கொள்ளப் போகிறாள். ஆகஸ்டில், செத்துப்போன முன்னோர் வீட்டுக்கு வருவதாகக் கும்பிடும் நாட்களில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும்போது அவளை என் வளர்ப்பு மகளாக, தோட்டத்துக்கு வாரிசாக அறிவிப்பதாக இருக்கிறேன். அவளும் சரி என்றுவிட்டாள். பதினைந்து தாண்டிவிட்டால் பெற்றவர்கள் சம்மதம் தேவையில்லை என்று ஊர் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே இது கேள்வி இல்லை, தகவல்.

அன்றைக்கு அவள் ஓட்டைப் பல்லோடு நிற்கக் கூடாது. எந்தப் பிசின் நல்லது என்று எழுதுங்கள். தனாபேயில் மாதாமாதம் கம்பி மாற்றுகிற டாக்டரிடமே ஒட்டிக்கொள்கிறோம். கழன்றதைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் வேலையின் லட்சணத்தை நீங்களே பாருங்கள்.

ஹத்சுனோ

*

சப்போரோ
ஜூன் 26, 2016

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

கடிதமும் கிளிப்பும் கிடைத்தன. மழைக்காலத்தில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சிகாகே கேட்கச் சொன்னாள்.

கிளிப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். பிசின் கிளிப்பை விடவில்லை. பல்லையும் விடவில்லை. நீங்கள் செதில் என்று எழுதியது இதோஹாவின் எனாமல். பல்லின் வெளித்தோல். உடைந்தது ஒட்டு அல்ல, பல்.

நல்ல எனாமல் கண்ணாடி போல இருக்கும். இந்தத் துண்டு சாக்பீஸ் போல இருக்கிறது. ஈரம் ஊறின சுவரில் நல்ல வர்ணம் அடித்தால், பிறகு வர்ணம் சுவரின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அதுதான் நடந்திருக்கிறது. நான் ஒட்டும்போது அந்தப் பல் இப்படி இல்லை. இரண்டு வருஷத்தில் ஏதோ புளிப்பு அதைத் தின்றிருக்கிறது.

உங்களைத் தயவுசெய்து கேட்கிறேன். அவள் நாள் முழுவதும் வாயில் என்ன வைத்திருக்கிறாள்? மற்ற பற்களில் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டு இருக்கிறதா? தனாபேக்குக் கடைசியாக எப்போது போனாள்?

அந்தப் பல்லில் இப்போது எதையும் ஒட்ட வேண்டாம். முதலில் பல் தேற வேண்டும். விடுமுறை தொடங்கியதும் அவளை இங்கே அனுப்புங்கள்.

வாரிசு பற்றி எழுதியிருந்தீர்கள். என் மகள் எந்தப் பெயரில் வாழப் போகிறாள் என்பதைக் கழன்ற கிளிப்பைப் பற்றிய கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

ரெய்ஜி

*

மினாபே
ஜூலை 3, 2016

மாப்பிள்ளைக்கு,

சுற்றி வளைத்து எழுதினாலும் எனக்குப் புரிகிறது. பிளம் மேல் பழி போடுகிறீர்கள்.

ஆமாம், வாயில் பிளம் வைத்திருக்கிறாள். ஜூன் வெயிலில் இந்த மலைச்சரிவில் வேலை செய்கிற யார்தான் வைத்திருக்கவில்லை? உப்பில் ஊறின பிளம் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால்தான் மயக்கம் வராது. என் மாமியார் வைத்தார், நான் வைத்தேன், சிகாகேயும் வைத்தாள். தாகத்துக்குப் பிளம் சர்பத்தும் குடிக்கிறாள், குடம் குடமாக. இந்த ஊர் அதை விற்றுத்தான் சாப்பிடுகிறது. நீங்கள் கல்யாணம் செய்த பெண்ணைப் படிக்க வைத்ததும் அதுதான். எனக்கு எழுபத்தாறு. இருக்கிற பல் எல்லாம் என்னுடையது.

தனாபேக்குப் பழம் பறிக்கும் சீசனில் போக முடியவில்லை. சீசன் முடிந்ததும் போகலாம் என்று அவள்தான் சொன்னாள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெள்ளைத் திட்டு கோரைப்பல்லிலும் இருக்கிறதாம், கொஞ்சம் பொறுக்கலாமா என்றார். விசேஷம் வருகிறது, பொறுக்க முடியாது என்றேன். சரியென்று நீல நிறத்தில் எதையோ பல்லில் தடவினார். என்னவென்று கேட்டேன்.

"அமிலம் பாட்டி. பல்லைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினாத்தான் பிசின் பிடிக்கும்."

கேட்டீர்களா. நீங்கள் எல்லாரும் பல்லில் அமிலத்தை ஊற்றிவிட்டு எங்கள் ஊர்ப் பிளம் புளிக்கிறது என்கிறீர்கள். அவரிடமும் இதைச் சொன்னேன். உதவிக்கு நின்ற பெண் முகமூடிக்குள்ளே சிரித்தாள்.

ஒட்டியாகிவிட்டது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தனாபே டாக்டர் பேராசிரியர் இல்லை, ஆனால் அவர் ஒட்டினது நிற்கிறது.

ஹத்சுனோ

*

சப்போரோ
ஜூலை 9, 2016

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நாங்கள் அமிலம் வைப்பது உண்மை. அரை நிமிஷம் வைத்துக் கழுவிவிடுவோம். அதுவும் திடமான பல்லில். உங்கள் பிளம் காலையிலிருந்து மாலைவரை கன்னத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சர்க்கரைத் தண்ணீர். எச்சில் பல்லைத் தேற்றப் பார்க்கிறது. தேறுவதற்குள் அடுத்த வாய். உங்கள் மாமியார் பல்லில் கிளிப் இல்லை. கிளிப்பின் ஓரத்தில் தங்குவது எளிதில் போகாது.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதில்லை. சொல்கிறேன். பிடுங்கின பற்களை எடுத்து, புளிப்பில் ஊறவைத்துக் கெடுப்போம். பாதியை அப்படியே வைப்போம். மறுபாதிக்குத் தாது கலந்த பசையைப் பூசிப் பூசித் தேற்றுவோம். இரண்டிலும் கிளிப் ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி இழுப்போம். கெட்ட பல்லில் சில சமயம் சட்டென்று கழன்றுவிடும். அது நல்லது. சில சமயம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பல்லையே பெயர்த்துக்கொண்டு வரும். நீங்கள் இழுத்தும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குப் பயம்.

கெட்டியான எதையும் அவளைக் கடிக்க விடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதால் நானும் எழுதுகிறேன். ஒசாகாவில் நான் குனிந்தது, பெரியவர்கள் ஒன்று கேட்டார்கள், யோசிக்கிறேன் என்பதற்காக. சம்மதம் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் என்னைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னீர்கள். இப்போது என் மகள் விஷயத்திலும் முதலில் ஊருக்குச் சொல்லத்தான் நாள் குறித்திருக்கிறீர்கள்.

ரெய்ஜி

*

மினாபே
ஆகஸ்ட் 18, 2016

மாப்பிள்ளைக்கு,

சிகாகேயிடம் போனில் இதோஹா ஏதாவது சொன்னாளா தெரியவில்லை. என்னிடம் பேசி மூன்று நாளாகிறது.

பதினைந்தாம் தேதி எல்லாரும் வந்திருந்தார்கள். சாமி மேடைக்கு முன்னால் மேஜை போட்டு, சுஷித் தட்டு, வறுத்த பதார்த்தம் எல்லாம் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் உடுத்திய கோடைக் கிமோனோ அங்கியைப் பிரித்துத் தைத்து இதோஹாவுக்கு உடுத்தியிருந்தேன். பெரியவர்களுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து முடித்துவிட்டு, நான் எழுந்து சொல்லப் போகிறேன். அதற்குள் என் கொழுந்தன் மகன் யாசுமாசா, தட்டிலிருந்த காய்ந்த கணவாயில் ஒரு துண்டைக் கிழித்து அவளிடம் நீட்டினான். "தோட்டக்காரியாகப் போற, இதைக் கடிச்சுக் காட்டு பாப்போம்" என்றான். அவன் அப்படித்தான். என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்த இடத்தில் தோட்டத்தில் எத்தனை மரம் என்று கேட்டவன்.

அவள் கடித்துக் காட்டினாள். என்னைப் போலத்தான், யாராவது சீண்டினால் விடமாட்டாள்.

சத்தம் எனக்குக் கேட்டது. கிளிப்போடு பல்லில் ஒரு மூலையும் வந்துவிட்டது. செதில் இல்லை இந்தத் தடவை. அரிசியில் பாதி இருக்கும். கையால் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போனவள் வரவில்லை. நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாடிக்குப் போனேன். இன்னொரு நாள் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், தனாபே டாக்டர் பூசிவிடுவார் என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னாள்:

"அப்பா மெஷின்ல ஒரு பல்லை மாட்டி ரெண்டு பக்கமும் இழுப்பாங்க பாட்டி. எது முதல்ல போகுதுன்னு பார்க்க. நீங்களும் அப்பாவும் இழுக்கறீங்க. நான்தான் அந்தப் பல்லு."

சின்ன வயதில் அவளை நீங்கள் அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறீர்கள். குழந்தைக்குக் காட்டுகிற சமாச்சாரமா அது?

உடைந்த துண்டைப் பாலில் போட்டு வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஹத்சுனோ

*

சப்போரோ
ஆகஸ்ட் 21, 2016

அத்தைக்கு,

பாலில் போட்டது சரி. அப்படியே அனுப்புங்கள். ஆனால் அதை ஒட்ட முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒட்டும் முகமே சாக்பீஸாக இருந்தால் எதை எதோடு ஒட்டுவது?

அவளை அனுப்புங்கள். மேல்வரிசையில் எல்லாக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொன்றாக, இன்னும் பெயராமல். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் ஒட்டாமல் பல்லைத் தேற்ற வேண்டும். தினமும் பசை பூச வேண்டும், வாரம் ஒருமுறை நான் பார்க்க வேண்டும். தனாபேயிலிருந்து அது ஆகாது. இங்கே ஒரு பள்ளியில் ஆறு மாதத்துக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

அவளை இங்கேயே நிறுத்திக்கொள்ள இது தந்திரம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

ரெய்ஜி

*

மினாபே
ஆகஸ்ட் 27, 2016

மாப்பிள்ளைக்கு,

தந்திரம் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அனுப்புகிறேன்.

முப்பதாம் தேதி கன்சாயிலிருந்து விமானம். பெட்டியில் குளிர்காலத் துணி போட்டிருக்கிறேன். பிளம் வைக்கவில்லை. வருஷா வருஷம் உங்கள் வீட்டுக்குப் போகிற ஜாடி இந்த வருஷம் போகாது. கேட்டால் சிகாகேயிடம் காரணம் சொல்லிக்கொள்ளுங்கள்.

காயவைத்த பழத்தைத் திருப்பிப் போடும்போது தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களிடம் சொன்னேன், பல்லில் கிளிப் போட்ட பிள்ளைகள் யாரும் இனி பிளம் ஒதுக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொண்டுவரட்டும் என்று. சிரித்தார்கள். "பிளம் வீட்டு அம்மாவே இப்படிச் சொன்னா எங்க போய் விக்கறது?" என்றாள் ஒருத்தி. சிரிக்கட்டும். இதை வைத்து நான் எதையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலை குனிந்தால் சம்மதம் இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

எங்கள் வீட்டில் அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் இவ்வளவு நாளும். இனி அது உங்கள் வேலை.

நேற்று தனாபேக்கு பஸ் ஏறும்போது கேட்டாள், "நான் திரும்பி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று. மரத்தை யாசுமாசாவுக்குக் கொடுக்க மாட்டேன், அதைவிட வெட்டிப் போடுவேன் என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று பஸ் போன பிறகு தோன்றியது.

ஹத்சுனோ

*

சப்போரோ
ஜனவரி 22, 2017

அத்தைக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுதும்படி ஒன்றும் நிச்சயமாக இல்லை.

கிளிப்புகளை எடுத்தேன். ஒரு கிளிப்புக்கு ஒரு மாலை. வேறு எங்கும் பெயரவில்லை. நான்கு மாதம் பசை பூசினோம். இப்போது பற்கள் பளபளப்பாக இருக்கின்றன. சிகாகேக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. தேறின பல்லில் இதுதான் சிக்கல். மேலே மெல்லிசாக ஒரு தோல் கெட்டியாகிவிடும். அதற்கடியில் இன்னும் பஞ்சாக இருக்கலாம். வெளியிலிருந்து தெரியாது. ஆய்வகத்தில் என்றால் இழுத்துப் பார்ப்பேன், வெட்டிப் பார்ப்பேன். இவள் வாயில் இருப்பதை வெட்டிப் பார்க்க முடியாது. நான் இதுவரை கட்டுரை எழுதியதெல்லாம் பிடுங்கின பல்லை வைத்து.

டிசம்பரிலேயே ஒட்டியிருக்கலாம். இன்னும் ஒரு மாதம் என்றேன். பிறகு இன்னும் ஒரு மாதம் என்றேன். போன வாரம் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லு தேறட்டும்னு காத்திருக்கீங்களா அப்பா, இல்ல நான் மனசு மாறட்டும்னா?"

பல்லுக்காக என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நாற்காலிக்கு மேலிருந்த விளக்கை அணைத்தேன். பிறகு அவள் பேசினாள். மினாபேக்குத் திரும்புவாளாம். பெயரையும் எடுத்துக்கொள்வாளாம். ஆனால் முன்பு சரி என்றது பாட்டிக்காக, இப்போது சொல்வது தனக்காக என்றாள். பல்லைப் பற்றியும் அவளே முடிவு செய்தாள். "கோரைப்பல்லுலயும் மத்ததுலயும் ஒட்டுங்க. உடைஞ்சதுல ஒட்டாதீங்க. அது கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மறுபடியும் பெயர்த்துக்க நான் தயாரா இல்ல."

கோரைப்பல்லிலும் மற்ற பற்களிலும் ஒட்டினேன். வழக்கத்தைவிட லேசான பிசின், அவசியமானால் பல்லை விட்டுவிட்டுத் தான் கழன்றுகொள்ளும்படி. அமிலம் வைத்த ஒவ்வொரு அரை நிமிஷத்தையும் விநாடி விநாடியாக எண்ணினேன். கம்பியை மாட்டி இழுத்தேன். நிற்கிறது. எத்தனை நாள் நிற்கும் என்று கேட்காதீர்கள். உடைந்த பல்லுக்கு மூலையைப் பூசி மட்டும் விட்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

பிப்ரவரி முதல் வாரம் அனுப்புகிறேன்.

ரெய்ஜி

*

மினாபே
பிப்ரவரி 12, 2017

மாப்பிள்ளைக்கு,

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

அந்தப் பல்லைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பூச்சின் ஓரம் தெரிகிறது. நல்ல பல். எங்கள் வம்சத்துப் பல் அது, சிகாகேக்கும் அப்படித்தான் முளைத்தது. யாசுமாசா வந்தான், பார்த்தான், வாயைத் திறக்கும் முன்னால் வெளியே அனுப்பினேன்.

ஊரைக் கூட்டவில்லை. இந்தத் தடவை அவளும் நானும் மட்டும் ஊர் அலுவலகத்துக்குப் போய்த் தத்துக் காகிதம் வாங்கி வந்தோம். அவள் தன் கையால் பூர்த்தி செய்தாள். நான் என் பெயர் முத்திரையைக் குத்தினேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது. அலுவலகத்தில் கேட்டேன், செல்லும் என்றார்கள்.

இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு வயது வந்த சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். ஒன்று கூட்டுறவுச் சங்கத்து நிஷிதே போட்டுவிட்டார். இரண்டாவதுக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி பேனாவோடு வந்தே விட்டாள். திருப்பி அனுப்பினேன். இதோஹா ஏன் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே புரிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

உங்களுக்கு இதில் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இன்னும் சொல்லவில்லை. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், இரண்டாவது இடம் காலியாகவே இருக்கட்டும், காகிதமும் அலமாரியில் கிடக்கட்டும். வேறு ஒருவர் கையெழுத்து அதில் விழாது. அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

தபாலில் அனுப்ப மாட்டேன். தொலைந்துபோகும். முத்திரையை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். எங்கள் பெயரை எழுதச் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன்.

ஹத்சுனோ